ஒரு வாளித் தண்ணீருக்கா இந்த அதட்டல்?

வறட்சி என்று செடிக்குத் தண்ணீர் விடத் தடை போட்டு, யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு ஆள் அனுப்பிப் பார்க்கிறார்கள். அப்படிப் போன இடத்தில் எடுத்த வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். கேற்றடியில் நின்றுகொண்டு, தாய் வயதுள்ள ஒருவரிடம் "செடிக்குத் தண்ணி விடக்கூடாது எண்டு அறிவிச்சது தெரியாதோ?" என்று அதட்டுகிறார் ஓர் உத்தியோகத்தர். கீழே கருத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் அந்த அம்மாவைத்தான் ஏசியிருக்கிறார்கள். அவர் கையில் இருந்த வாளியை ஒருவராவது பார்த்தீர்களா? வெள்ளையாகக் கலங்கிய தண்ணீர். அரிசி களைந்த தண்ணீர். அதைத்தான் கறிவேப்பிலைக்கு ஊற்றினார்.

கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்கிற மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. அதைத்தான் மிச்ச மாதமெல்லாம் இறைக்கிறோம். நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு உப்பை அண்ட விடாது என்பது படித்தவர்கள் சொல்லும் கணக்கு. அந்த ஓர் அடி எவ்வளவு பெறுமதி என்று எனக்கும் தெரியும். அதனால்தான் கேட்கிறேன், கட்டுப்பாடு யாருக்கு? ஒரே இடத்தில் மணிக்கணக்காக மோட்டர் போட்டு உறிஞ்சினால் அடியில் கிடக்கும் உப்பு மேலே ஏறும். வாளியால் ஏறாது.

எங்கள் வளவில் இருப்பது பல குடும்பங்கள் முறை வைத்து இறைக்கும் பங்குக் கிணறு. யாருக்கு எத்தனை பங்கு என்று காணி உறுதியிலேயே எழுதியிருக்கிறது. துலா மிதித்துத் தண்ணீர் இறைத்த காலத்தில், ஆடி ஆவணியில் தண்ணீர் கீழே போனால் அம்மம்மா ஆக்களே கூடிப் பேசி முறையைக் குறைத்துக்கொள்வார்களாம். ஒருவரும் வந்து அதட்டத் தேவைப்படவில்லை. கிணற்றடியில் குளிக்கிற தண்ணீர் இன்றைக்கும் வாய்க்காலால் வாழைக்கும் தென்னைக்கும்தான் போகிறது. பிறகு பக்கத்துக் காணியில் மண்டபம் வந்தது. குழாய்க் கிணறு அடித்தார்கள், பவுசர் என்கிற தண்ணீர் லொறிகளுக்கும் நிரப்பி விற்கத் தொடங்கினார்கள். அடுத்த கோடையிலேயே எங்கள் தேத்தண்ணீர் சவர்த்தது. அம்மாவின் கனகாம்பரம் இலை நுனியிலிருந்து கருகிக்கொண்டே போய்ப் பட்டுவிட்டது. முறையிட்டோம். வந்தவர்கள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, போத்தலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான். அந்த மண்டபத்தின் புல்தரை இந்த வறட்சியிலும் பச்சையாக இருக்கிறது. அங்கே ஏன் ஒருவரும் கேற்றடியில் நின்று அதட்டவில்லை?

"தோட்டக்காரரும்தானே இறைக்கிறார்கள்" என்பீர்கள். உண்மைதான், எங்கள் நிலத்தடி நீரில் பெரும்பங்கு தோட்டத்துக்குத்தான் போகிறது. ஆனால் அது அவர்களின் வயிற்றுப்பாடு, புல்தரையோடு சேர்த்துப் பேசாதீர்கள். "தாளையடியில் 2024இல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்தார்களே, நாளுக்கு 24,000 கன மீற்றர் குடிநீர் எடுக்கலாமே" என்பீர்கள். நல்லது. குழாயே வராத ஒழுங்கைக்கு அதனால் என்ன?

லண்டனில் இருக்கும் நண்பர் ஒருவர் "இங்கேயும் தடை போடுவார்கள், நாங்கள் பேசாமல் கேட்கிறோமே" என்று எழுதியிருந்தார். அண்ணா, உங்கள் ஊரில் தடை ஹோஸ் பைப்புக்கு. வாளியால் தாராளமாக ஊற்றலாம். இங்கே வாளிக்காரியைப் பிடித்திருக்கிறார்கள். அதுவும் அவரைக் கேட்காமலே வீடியோ எடுத்து, ஊருக்கெல்லாம் காட்டி.

எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை. இடம்பெயர்ந்த காலத்தில் எங்கேயோ ஒரு கிணற்றடியில் வரிசையில் நின்று, ஒரு வாளித் தண்ணீரைக் குடிக்க, சமைக்க, பிள்ளைகளுக்கு முகம் கழுவ என்று பங்கு போட்ட தலைமுறை அது. அவர்களுக்கா தண்ணீரின் அருமை சொல்லிக் கொடுக்கப் போகிறீர்கள்? என் அம்மா அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, பின்னேரம் வாளியைக் குசினி வாசலில் வைத்துவிட்டு முற்றத்துக்கு வரவே இல்லை. "ஆரும் படம் எடுத்தால்?" என்று கேட்கிறார். தன் வளவில், தன் கிணற்றுத் தண்ணீருக்கு.

தண்ணீர் மிஞ்ச வேண்டும் என்ற அக்கறை உண்மையாக இருந்தால், குப்பை கொட்டித் தூர்ந்துபோன எங்கள் ஊர்க் குளத்தை மழைக்கு முன் தோண்டுங்கள். மழைத்தண்ணீர் தேங்கி நிலத்துக்குள் இறங்க அதுதான் இடம். போன வருடமும் மனுக் கொடுத்தோம். வீட்டுக்கு வீடு அனுப்ப ஆள் இருக்கிறது, அதற்கு மட்டும் ஆள் இல்லையாம்.