டைப்பிங் கிளாஸ் எடுப்பவள் எழுதுகிறேன்

அந்தக் கல்லூரி மேடைப் பேச்சு வீடியோவை நேற்றிலிருந்து ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன், முழுசாகவே பார்த்தேன். எந்தக் கல்லூரி, மேடையில் பேசியவர் யார் என்று இங்கே எழுதப்போவதில்லை, உங்களுக்கே தெரியும். அவர் பேசியது இதுதான்: ஏஐ வந்த காலத்தில் இன்னும் பி.காம் பிள்ளைகளை உட்கார வைத்து டைப்பிங்கும் லெட்டர் ஃபார்மட்டும் சொல்லித்தருகிறார்களாம், குமாஸ்தா உற்பத்தி செய்கிறார்களாம். அரங்கம் முழுக்கக் கைதட்டல். கேமரா திரும்பும்போது முன்வரிசையில் கைதட்டிக்கொண்டிருந்தவர்களில் என் கம்ப்யூட்டர் லேபில் படித்த பிள்ளைகளும் இருந்தார்கள். அதைப் பார்த்தபிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். கீபோர்டைப் பார்க்காமல் அடிப்பதும், ஒரு கடிதத்தையோ இன்வாய்ஸையோ ஒழுங்காக அமைப்பதும் கீழான படிப்பு இல்லை. அதைக் கல்லூரியில்தான் சொல்லித்தர வேண்டும். ஏனென்றால் நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அதைச் சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லை.

முதல் செமஸ்டரில் ஒருநாள் என் லேபுக்கு வந்து பாருங்கள். ஒரு பேக்கிங் லிஸ்ட் (எந்தப் பெட்டியில் என்ன சரக்கு என்ற பட்டியல்) கொடுத்து அடிக்கச் சொல்வேன். முடித்துவிட்டுக் கூப்பிடுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும், தலைப்பு நடுவில் நிற்கும், எண்கள் ஒன்றன்கீழ் ஒன்று வரிசையாக இருக்கும். அப்புறம் வேர்டில் அந்தப் பத்திக்குறி பட்டனை அழுத்திக் காட்டுவேன். திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக வரும். ஒவ்வொரு புள்ளியும் ஸ்பேஸ் பாரில் தட்டிய ஒரு தட்டு. "96 பெட்டி இல்லை கண்ணு, 104, மாத்து" என்பேன். மாற்றியதும் அந்த வரி மட்டும் வலப்பக்கம் தள்ளிக்கொள்ளும். எழுத்துருவை மாற்றச் சொன்னால் மொத்த வரிசையும் கலைந்துவிடும். அடுத்த பக்கத்துக்குப் போக என்டரையே அழுத்தி அழுத்திப் போயிருப்பார்கள், அதனால் மேலே ஒரு வரி சேர்த்தால் கீழே கையெழுத்துப் போடும் இடம் தனியாக இன்னொரு பக்கத்தில் போய் நிற்கும். அப்புறம்தான் டேப் ஸ்டாப் (டேப் விசையை அழுத்தினால் எழுத்து போய் நிற்க நாம் குறித்துவைக்கும் இடம்) என்றால் என்ன, எண்களை ஏன் வலப்பக்கம் ஒட்ட வைக்கிறோம், கன்ட்ரோலும் என்டரும் சேர்ந்தால் எப்படி நேராக அடுத்த பக்கத்துக்குப் போகும் என்று ஆரம்பிப்பேன். ஒரு பிள்ளை தானாகவே டேப் வைத்து, எண்ணை மாற்றிப் பார்த்து, வரிசை அசையாமல் நிற்பதைக் கண்டு பக்கத்து சீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டுவாள். இதைத்தான் அவர் குமாஸ்தா உற்பத்தி என்கிறார்.

சரி, குமாஸ்தா வேலை என்றே வைத்துக்கொள்வோம். அந்த வேலையில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா? திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டாக்குமென்டேஷன் பிரிவில் உட்கார்ந்திருந்தவள் நான். எல்சி (பேப்பர்கள் சரியாக இருந்தால் பணம் தருகிறேன் என்று வாங்குபவரின் வங்கி கொடுக்கும் உறுதிக்கடிதம்) போட்டு நடக்கும் வியாபாரத்தில் வங்கி பனியனைப் பார்ப்பதில்லை, பேப்பரைத்தான் பார்க்கிறது. எல்சிக்கான யூசிபி 600 என்ற சர்வதேச விதித்தொகுப்பு அதைத் தெளிவாகவே சொல்கிறது. 2007 ஜூலையிலிருந்து அதுதான் நடப்பில் இருக்கிறது. சரக்கைப் பற்றி எல்சியில் இருப்பதும் கமர்ஷியல் இன்வாய்ஸில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும். பேப்பர்களைப் பரிசீலிக்க வங்கிக்கு அதிகபட்சம் ஐந்து வங்கி நாட்கள். ஒரு சொல்லில் எழுத்து மாறிப்போனால் சில சமயம் விட்டுவிடுவார்கள். ஸ்டைல் நம்பரில், அதாவது ஆடையின் மாடல் எண்ணில், 321-க்குப் பதில் 123 என்று விழுந்தால் விடமாட்டார்கள். பணம் அங்கேயே நிற்கும். நூல்காரருக்கும் சாயப்பட்டறைக்கும் வாரக்கூலி வாங்குகிறவர்களுக்கும் போக வேண்டிய பணம் அது. கீழே நிட்டிங்கில் எத்தனை மெஷின் ஓடினாலும் மேலே ஒருத்தி சரியாக அடித்தால்தான் காசு வந்து சேரும்.

தேதி இன்னொன்று. 05/06 என்று எழுதினால் நமக்கு ஜூன் 5. சரக்கு வாங்கும் அமெரிக்க பையருக்கு மே 6. ஷிப்மெண்ட் தேதியில் இந்தக் குழப்பம் வந்தால் ஒரு மாதம் தவறிவிடும். அதனால்தான் மாதத்தை எழுத்தில் எழுது என்று லேபில் தொண்டை வற்றக் கத்துகிறேன். நாம் 12,50,000 என்று எழுதுகிற தொகையை அவர்கள் 1,250,000 என்று எழுதுவார்கள், அதையும் சொல்லித்தருகிறேன். இதெல்லாம் லெட்டர் ஃபார்மட் என்ற அந்த ஏளனமான வார்த்தைக்குள்தான் வருகிறது.

என் அப்பா சோமனூர் பக்கம் தறி ஓட்டியவர். ப்ளஸ் டூ முடித்த லீவில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலிருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்துவிட்டார். "ஆபீஸ்ல ஃபேனுக்கடியில உக்காந்து வேல செய்யோணும் அம்மிணி" என்பார், அவ்வளவுதான் அவருடைய ஆசை. ஏஎஸ்டிஎஃப்ஜிஎஃப் என்று இடக்கை, செமிகோலன் எல்கேஜேஹெச்ஜே என்று வலக்கை, ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். சுண்டுவிரலால் ஏ-வை அழுத்த முடியாமல் வலி எடுக்கும். மேஜைமேல் அட்டையை வைத்துக் கையை மறைத்துவிடுவார் சொல்லிக்கொடுக்கும் அக்கா. டைப்ரைட்டிங் பரீட்சையில் லோயர் நிலைக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையர் நிலைக்கு 45. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பரீட்சை. வேகம் மட்டும் போதாது, இரண்டாம் தாளில் ஸ்டேட்மென்டும் லெட்டரும் இருக்கும், மெஷினிலேயே எழுத்து இடங்களைக் கணக்குப்போட்டு நெடுவரிசைகளாகப் பிரிக்க வேண்டும். அந்தக் கணக்குதான் பின்னால் கம்ப்யூட்டரில் டேப் ஸ்டாப்பாக எனக்குச் சுலபமாகப் புரிந்தது. ஹையர் பாஸ் ஆனதும் அப்பா ரிசல்ட் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தறிக்குடோனில் எல்லோருக்கும் காட்டினார். அப்பா இப்போது இல்லை. அந்த மேடைப் பேச்சைக் கேட்கும்போது அவரைத்தான் கிண்டல் பண்ணுகிறார்கள் என்று தோன்றியது. மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

கமெண்டில் என்ன வரும் என்று தெரியும், இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்.

ஏஐ லெட்டர் எழுதித்தரும் என்பீர்கள். எழுதித்தரும்தான், நானும் பயன்படுத்துகிறேன், லேபிலும் அனுமதிக்கிறேன். ஆனால் அது எழுதியது சரியா என்று பார்க்க உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே. வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதத்தில் "உங்கள் கம்பெனி பெயரை இங்கே எழுதவும்" என்ற அடைப்புக்குறி அப்படியே இருக்க அனுப்புகிறார்கள். எச்ஆரில் இருக்கும் என் தோழிகள் இதை வாரம் தவறாமல் சொல்கிறார்கள். பெறுநர் முகவரி எங்கே வரும், பொருள் வரி எதற்கு, இணைப்பு என்று எங்கே குறிப்பது என்று தெரியாத பிள்ளைக்கு ஏஐ எதைக் கொடுத்தாலும் சரியாகத்தான் தெரியும். தப்பு வந்தால் கேள்வி ஏஐயிடம் வராது. "யார் அனுப்புனது?" என்று மேனேஜர் அவளைத்தான் கேட்பார்.

வாயால் சொன்னால் போதும், தானே அடித்துவிடும் என்பீர்கள். பத்து பேர் உட்கார்ந்திருக்கும் ஹாலில் பையருக்குக் கொடுத்த விலையைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் செல்போனில் அசுர வேகத்தில் அடிக்கிறார்களே என்றும் சொல்வீர்கள். இரண்டு கட்டைவிரலால் வாட்ஸ்அப் அனுப்புவதும் நாற்பது பக்க ரிப்போர்ட்டுக்குத் தலைப்பு ஸ்டைல் வைத்து, பொருளடக்கம் தானாக வரவைத்து, பக்க எண் போடுவதும் ஒன்றா? அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பைப் பெட்டியிலிருந்து எடுத்துப் படம் பார்க்க மட்டுமே பயன்படுத்திய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். குறை அவர்களிடம் இல்லை, யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை.

பாடத்திட்டம் பழசாக இருக்கிறது என்று ஒரு ஆள் சொன்னால் அதை ஒத்துக்கொள்வேன். மெயில் மெர்ஜை (ஒரே கடிதத்தைப் பல பேருக்கு அவரவர் பெயர், முகவரியோடு தானாக வரவைப்பது) ஒரு பீரியடில் முடித்துவிட்டு லெட்டர் வகைகளை மனப்பாடம் பண்ண வைப்பது சரியில்லை. யூனிகோடில் தமிழ் 99 விசைப்பலகையைப் பெரும்பாலான கல்லூரிகள் தொடுவதே இல்லை, 1999லேயே அரசு அதைத் தரமாக அறிவித்துவிட்டது. மாற்றுங்கள். எடுத்துவிடுங்கள் என்று சொல்லாதீர்கள்.

"உங்க வேல போயிரும்னு பயங்களா மேடம்?" என்று ஒரு தம்பி இன்பாக்ஸில் கேட்டிருந்தார். ஆமாம், பயம்தான். என் வேலை போனால் பரவாயில்லை, திருப்பூரில் எனக்கு இன்னும் மேஜை கிடைக்கும். கிடைக்காமல் போகப்போவது தாராபுரத்திலிருந்தும் அந்தியூரிலிருந்தும் பஸ் ஏறி வருகிற பிள்ளைகளுக்கு. கோயமுத்தூரில் பெரிய பள்ளியில் படித்த பிள்ளைக்கு வீட்டிலேயே எல்லாம் தெரிந்துவிடும், அப்பாவுக்கு ஆடிட்டர் இருப்பார், மாமாவுக்கு ஆபீஸ் இருக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு என் லேபில் இருக்கும் அந்தக் கம்ப்யூட்டர்தான் உண்டு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபம் வந்துவிட்டது. இந்த வேலையை இவ்வளவு மட்டமாகப் பேசுவதற்குக் காரணம் இதைப் பெரும்பாலும் பெண்கள் செய்கிறோம் என்பதுதான். கல்யாண வீட்டில் பந்திக்கு நிற்கும்போது சொந்தக்காரர் ஒருவர் "இன்னும் அந்த டைப்பிங் கிளாஸ்தான் எடுக்கறயா?" என்று கேட்டார். அவர் மகனுடைய ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை ராத்திரி உட்கார்ந்து சரிபண்ணிக் கொடுத்தவள் நான்தான். மேடையில் பேசியவருடைய அழைப்பிதழையும், அவரைப் பற்றி வாசித்த அறிமுகக் குறிப்பையும், கையில் கொடுத்த சான்றிதழையும் அந்தக் கல்லூரி ஆபீஸில் ஒரு அம்மா அடித்துத்தான் இருப்பார். பெயரில் ஒரு எழுத்துப் பிழை இருந்திருந்தால் அந்த அம்மாவின் பெயர் அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

கைதட்டிய என் பிள்ளைகள்மேல் கோபம் இல்லை. அவர்களில் ஒருத்தி போன மாதம் ஈரோட்டில் மஞ்சள் மண்டி ஆபீஸில் சேர்ந்திருக்கிறாள், கொட்டேஷன் எப்படி அமைப்பது என்று எனக்கு மெசேஜ் போட்டுத்தான் கேட்டாள். நாளைக்கும் கேட்பாள், நானும் சொல்லித்தருவேன்.

எக்ஸ்போர்ட் கம்பெனிகளிலும் வங்கிகளிலும் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தப்பு கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பப்பட்ட பழைய இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் ஏதாவது இருந்தால், நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டு, பெயர், முகவரி, தொகை எல்லாவற்றையும் அழித்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். செகண்ட் இயர் பிள்ளைகளுக்கு அடுத்த வாரம் அதைத்தான் பயிற்சியாகக் கொடுக்கப்போகிறேன். தப்பு எங்கே என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும்.