என் தலைக்குப் பின்னால் நின்று கத்தாதீர்கள்

"ப்ரூனோ! ப்ரூனோ! இங்க பாரு! அங்கிள் கேமராவைப் பாரு!"

அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், பாட்டி வாசற்படியில், வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பையனும் ஒரு பக்கம். எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் அந்த ஜீவன் யாரைத்தான் பார்க்கும்? எல்லோரையும் பார்க்கும், கேமராவைத் தவிர. அப்புறம் என்னிடம் திரும்பி, "என்ன சார், ஒரு போஸ்கூட வாங்க முடியலையா?" என்று ஒரு சிரிப்பு வேறு.

நாய், பூனைகளைப் படம் எடுப்பதுதான் எனக்குச் சோறு போடும் தொழில். கீறல், கடிக்கெல்லாம் நான் அலுத்துக்கொண்டதே இல்லை. வயிறு எரிவது இந்தக் கூட்டத்தால்தான். பட்டனை அமுக்கினால் படம் வரும், மற்ற நேரமெல்லாம் இந்த ஆள் சும்மா தரையில் படுத்துக் கிடக்கிறான் என்று நினைக்கிறார்கள். சும்மா கிடப்பவனுக்கு ஒத்தாசை செய்ய வேண்டாமா? அதுதான் கத்துகிறார்கள்.

அய்யா, நான் சும்மா கிடக்கவில்லை. நாயின் கண் மட்டத்துக்கு லென்ஸ் இறங்கினால்தான் அதன் முகம் முகமாகத் தெரியும். நின்றபடி மேலிருந்து எடுத்தால் பெரிய தலையும் குட்டிக் கால்களும்தான் வரும்; அதை நீங்களே தினமும் போனில் எடுக்கிறீர்கள். அதற்காகத்தான் மொட்டை மாடித் தரையில் வயிறு சுடச் சுடப் படுத்திருக்கிறேன். கண்ணில் ஒரு வெளிச்சப் புள்ளி விழ வேண்டும், இல்லையென்றால் பார்வையில் உயிர் இருக்காது. காது முன்னால் வர வேண்டும். வாய் இறுகாமல் இருக்க வேண்டும். இவ்வளவும் கூடி வருவது அரை நொடிதான்.

அந்த அரை நொடியை வரவழைக்க என் வாயில் ஒரு பீப்பி, பொம்மையின் வயிற்றிலிருந்து பிடுங்கியது. முதல் தடவை ஊதும்போது காது நிமிரும், தலை லேசாகச் சாயும், கண் விரியும். இரண்டாம் தடவை அதில் பாதிதான். இன்னும் ஊதினால் "அட, நீதானா" என்று கொட்டாவி விட்டுவிடும். அதனால் வெளிச்சம், பின்னணி, ஃபோகஸ் எல்லாம் சரிபார்த்த பிறகுதான் முதல் ஊதல். போன வாரம் ஒரு வீட்டில் எல்லாம் கூடி வந்து, ஊதுவதற்கு மூச்சை இழுக்கிறேன். வீட்டுக்காரர் என் தலைக்கு மேல் ஸ்கூட்டர் சாவியை ஆட்டினார். சாவிச் சத்தம் கேட்டால் அந்த நாய்க்கு ரவுண்டு கிளம்பும் நேரம். என் முதுகில் ஏறி மிதித்துக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடியது. அவரோ, "பாருங்க சார், எவ்ளோ ஆக்டிவ்!" என்கிறார் பெருமையாக.

"கேமராவே எல்லாம் பார்த்துக்குமே" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. விலங்குகளின் கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ் வந்துவிட்டது உண்மைதான், சோனி 2019-லேயே கொடுத்துவிட்டது. ஆனால் கறுப்பு முகத்தில் கறுப்புக் கண் என்றால் அதுவும் தடுமாறும். வெளிச்சத்தை அளக்கும் கேமரா மீட்டரை அப்படியே நம்பினாலோ கறுப்பு நாய் வெளிறும், வெள்ளை நாய் அழுக்காகும். அதற்கு எல்லாமே நடுத்தரச் சாம்பல் நிறம்தான். அதைத் திருத்த ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குத்தான் "ஒரு கிளிக்குக்கு இவ்வளவா?" என்று பேரம்.

அப்புறம் இந்தச் சிரிப்புப் பைத்தியம். மே மாத வெயிலில் வாயைப் பிளந்து, நாக்கு அகலமாகத் தொங்க மூச்சிரைத்தால், "சிரிக்கிறான், சிரிக்கிறான், எடுங்க!" நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். கேமராவை வைத்துவிட்டுக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றப் போனால் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், மணிக்கணக்கில் காசு வாங்குகிறேனாம்.

ஒரு ராஜபாளையத்துக்குக் கூலிங் கிளாஸ் மாட்டிவிட்டார்கள். பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, அந்த நிமிர்ந்த நிலை. 2005-ல் இந்திய அஞ்சல் துறை அஞ்சல்தலையில் போட்டு மரியாதை செய்த இனம் அது. அதன் தலையில் பர்த்டே தொப்பி! உதட்டை நக்குகிறது, காதைப் பின்னால் மடிக்கிறது, வெள்ளை விழி தெரிய ஓரக்கண்ணால் பார்க்கிறது. அத்தனையும் மிரட்சி. "வெட்கப்படுறான் சார்" என்றார் அந்த அம்மா.

இனி அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லிவிடுவேன். நாய் யார் பேச்சைக் கேட்குமோ அந்த ஒருவர் மட்டும் என்னோடு இருக்கலாம். மற்றவர்கள் ஹாலில் டிவி பாருங்கள், சத்தத்தைக் குறைத்து. சாவிக்கொத்து என் பைக்குள் வந்துவிட வேண்டும். கூலிங் கிளாஸும் தொப்பியும் கட்டாயம் வேண்டுமா? நீங்களே போட்டுக்கொண்டு நில்லுங்கள், எடுத்துத் தருகிறேன்.