மணம் பரப்பும் கருவிக்கு இனி காப்புரிமையே கிடைக்காதா?

‘விசிறிக் காற்றில் வாசனை பரப்பும் கருவி பழசு, இனி யாருக்கும் அதில் காப்புரிமை கிடையாது’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

திரைப்படத்தோடு மணம் வெளியிடும் முறைக்கு ஹான்ஸ் லௌபே என்பவர் 1957-இல் அமெரிக்கக் காப்புரிமை (பேட்டன்ட்) பெற்றார். அப்புறம் 1962-இல் மார்ட்டன் ஹைலிக், காற்றும் வாசனையும் சேர்ந்து வரும் சென்சோராமா என்ற கருவிக்குப் பெற்றார். முன்னது பின்னதைத் தடுக்கவில்லை.

காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் பார்ப்பது உரிமைக் கோரிக்கையில், அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று விண்ணப்பத்தில் சொல்லும் பகுதியில், எழுதியிருக்கும் அம்சங்களை. அத்தனையும் ஒரே பழைய ஆவணத்தில் இருந்தால் புதுமை இல்லை. பழைய ஆவணங்களைச் சேர்த்துப் பார்த்தால் துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றிவிடும் என்றாலும் நிராகரிப்புதான். வெறும் விசிறியும் வாசனைக் குப்பியும் தேறாது, சரி. ஆனால் விசிறி நின்ற பிறகு குழாயில் தங்கும் மணம் அடுத்த மணத்தோடு கலக்காமல் தடுக்கும் வால்வு ஒன்று, முன்பு எங்கும் இல்லாததாகவும் எளிதில் தோன்றாததாகவும் இருந்தால், அதற்குக் கிடைக்க வாய்ப்புண்டு.

கூகுள் பேட்டன்ட்ஸ், எஸ்பாசெநெட் ஆகிய காப்புரிமைத் தேடல் தளங்களில் இலவசமாகவே சரிபார்க்கலாம். 3050870 என்ற அமெரிக்கக் காப்புரிமை எண்ணைத் தேடினால் சென்சோராமா ஆவணமே வரும். பாடுபட்டுக் கருவி செய்த ஒருவர் இந்தச் செய்தியை நம்பி விண்ணப்பிக்காமலே விட்டுவிடக் கூடும். தயவுசெய்து இதை மேலும் யாருக்கும் அனுப்பாதீர்கள்.