நெல் வந்த அன்றே பணம் வேண்டும்

விவசாயிகளே பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களில் நெல் விவசாயிகள் சேர்ந்தால் வருமானம் உயரும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் அந்த உயர்வு எங்கிருந்து வரும் என்பதை அது தொடவேயில்லை. உரத்தை மொத்தமாக வாங்கி மிச்சம் பிடிப்பது சிறு தொகைதான். பெரிய பணம் அரவையில் இருக்கிறது. நூறு கிலோ நெல்லை அரைத்தால் ஏறத்தாழ 67 கிலோ அரிசி. மீதியில் தவிடு எண்ணெய் ஆலைக்குப் போகிறது, உமி எரிபொருளாகிறது. நெல்லாகவே விற்கும்போது இவை அனைத்தையும் தாரைவார்த்துவிடுகிறோம்.

நிறுவனமே அரைத்து விற்க வேண்டுமென்றால், விவசாயி நெல்லை அதனிடம் கொடுக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். காவிரி டெல்டாவில் குறுவை அறுவடை மழையோடு வருகிறது. அரசுக் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, அரசு தளர்வு அறிவித்தால்தான் விதிவிலக்கு. சாலையோரத்தில் நெல்லைப் பரப்பி, தூறல் விழுந்ததும் தார்ப்பாயை இழுத்து மூடி, வெயில் வந்ததும் காலால் கிளறிவிட வேண்டும். அதற்குள் அறுவடை இயந்திர வாடகைக்கு ஆள் வந்து நிற்பார். அந்த நேரத்தில் ரொக்கத்தோடு வரும் வியாபாரிக்குக் கொடுக்காமல் விவசாயி என்ன செய்வார், நிறுவனத்தில் பங்குதாரராகவே இருந்தாலும்?

இந்த நிறுவனங்களுக்காக 2020-இல் அறிவிக்கப்பட்ட மத்தியத் திட்டத்தில், உறுப்பினர் போடும் பங்குத் தொகைக்கு ஈடாக, உறுப்பினர் ஒருவருக்கு அதிகபட்சம் 2,000 ரூபாய் பங்கு மானியம் நிறுவனத்துக்கு உண்டு. நல்லதுதான். ஆனால் நெல் வந்த அன்றே பணம் கொடுக்க அது எந்த மூலைக்கு? உலர்களம், உலர்த்தும் இயந்திரம், அறுவடைக் காலத்துக்கான குறைந்த வட்டிக் கடன், இவைதான் முதல் தேவை. உறுப்பினர் எண்ணிக்கையை அரசு அதற்குப் பிறகு கேட்கட்டும்.