மூணு மாசம் கழியட்டும் என்று காத்திருக்காதீர்கள்

நம்ம திருநெல்வேலிப் பக்கம் நாள் தள்ளிப்போனால் வீட்டில் ஆச்சிமார் முதலில் சொல்வது, "மூணு மாசம் கழியட்டும், பொறவு பாத்துக்கிடலாம்" என்பதுதான். கண் பட்டுவிடுமோ என்ற பயம். ஊருக்குச் சொல்லாமல் இருந்துகொள்ளுங்கள், தப்பே இல்லை. டாக்டரிடமும் சொல்லாமல் இருப்பதுதான் கெடுதல்.

டவுன் சிண்ட்ரோம் போன்ற, குரோமோசோம் எண்ணிக்கை மாறுவதால் வரும் பிறவிக் கோளாறுகளுக்கு முதலில் பார்க்க வேண்டியது, குழந்தையின் பிடரியை அளக்கும் என்டி ஸ்கேனும் தாய்க்கு எடுக்கும் டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையும். இந்த ஸ்கேனுக்கான காலம் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணி 11 வாரம் முடிந்ததிலிருந்து 13 வாரம் 6 நாள் வரை. மொத்தம் 21 நாள். மூணு மாசம் கழியும்போது 13 வாரம் ஆகிவிடும், மிச்சம் ஒரு வாரம்கூட இருக்காது. அதற்குள் திசையன்விளையிலிருந்தோ களக்காட்டிலிருந்தோ பாளையங்கோட்டைக்கு வந்து ஸ்கேனுக்கு நாள் வாங்க வேண்டும். நடுவில் ஊரில் அம்மன் கொடை வந்தால் அதுவும் போச்சு. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் 12 வாரத்துக்குள் பதிவு செய்யச் சொல்கிறார்கள். அதற்காகவாவது கிராம சுகாதார செவிலியரிடம் சீக்கிரம் போய்விடுங்கள்.

"டபுள் மார்க்கர் எடுக்கவா, என்ஐபிடி எடுக்கவா, எது நல்லது?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். என்ஐபிடி என்பது தாயின் ரத்தத்தில் டிஎன்ஏவைப் பார்க்கும் பரிசோதனை, அதைப் பின்னால் சொல்கிறேன். விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள், வாரத்தை வைத்து முடிவு செய்யுங்கள் என்பதுதான் என் பதில். சரியான வாரத்தில், சரியான கையால் செய்த என்டி ஸ்கேன் இல்லாமல் மற்ற எதை எடுத்தாலும் அது அரைகுறைதான்.

முதலில் நாள் கணக்கு. மாதவிலக்கு 40 நாளுக்கு ஒருமுறை வருகிற பெண்ணுக்கு தேதிக் கணக்குப்படி 12 வாரம் என்றால், உண்மையில் பத்தரை வாரம்கூட ஆகியிருக்காது. அந்தத் தப்பு வாரத்தை லேபில் கொடுத்தால் என்ன ஆகும்? டபுள் மார்க்கரில் பார்க்கும் இரண்டில், பாப்-ஏ என்ற புரதம் வாரம் ஏற ஏறக் கூடுவது, ஃப்ரீ பீட்டா எச்சிஜி என்ற ஹார்மோன் குறைந்துகொண்டு வருவது. வாரத்தைக் கூட்டிச் சொன்னால் முதலாவது குறைவாகவும் இரண்டாவது அதிகமாகவும் தெரியும். டவுன் சிண்ட்ரோமில் வருகிற அதே அமைப்பு! நல்ல பிள்ளைக்கு 'ஹை ரிஸ்க்' என்று வந்து வீடே சோறு தண்ணி இல்லாமல் கிடக்கும். ஏழு முதல் ஒன்பது வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் எடுத்து நாள் கணக்கை உறுதி செய்துகொண்டால் இந்த வேதனை பெருமளவு தவிர்ந்துபோகும்.

என்டி என்பது குழந்தையின் பிடரித் தோலுக்கடியில் இருக்கும் நீரின் தடிமன். குழந்தையின் தலை முதல் பிட்டம் வரை நீளம் 45 முதல் 84 மில்லிமீட்டருக்குள் இருந்தால்தான் அந்த அளவுக்கு மதிப்பு. 45-க்குக் குறைவென்றால் ஒரு வாரம் கழித்துத் திரும்ப வரச் சொல்வார்கள், சலிக்காமல் போங்கள். கழுத்து நிமிர்ந்திருந்தால் அளவு 0.6 மில்லிமீட்டர் வரை கூடிவிடும், குனிந்திருந்தால் 0.4 வரை குறைந்துவிடும். குழந்தை திரும்பட்டும் என்று நடக்கச் சொல்லி, மறுபடி படுக்கச் சொல்லிப் பார்க்கிற டாக்டரைக் குறை சொல்லாதீர்கள், அவர்தான் வேலையை ஒழுங்காகச் செய்கிறார். 3.5 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் வந்தால் ரத்தப் பரிசோதனையில் நேரத்தைக் கழிக்காமல் ஊசியால் எடுக்கும் நஞ்சுத் திசு (நஞ்சுக்கொடியின் சிறு துணுக்கு) அல்லது பனிக்குட நீர்ப் பரிசோதனையைப் பற்றிப் பேச வேண்டும். பின்னால் குழந்தையின் இதயத்தையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

டபுள் மார்க்கருக்கு ரத்தம் கொடுக்கும்போது படிவத்தை நீங்களே ஒருமுறை வாசியுங்கள். பிறந்த தேதி, அன்றைய எடை, சர்க்கரை உண்டா, கரு ஒன்றா இரண்டா, ஐவிஎஃப் என்றால் கருமுட்டை யாருடையது, என்டி அளவு எவ்வளவு, எல்லாம் அதில் இருக்க வேண்டும். எடையை விட்டுவிட்டால் கணக்கே மாறிவிடும். எடுத்த ரத்தத்தைப் பிரிக்காமல் வெயிலில் வைத்தாலும் ஃப்ரீ பீட்டா எச்சிஜி பொய்யாக ஏறும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் இது சின்ன விஷயம் இல்லை. சீரத்தைப் பிரித்து ஐஸில் வைத்து அனுப்புகிறார்களா என்று கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை.

ரிப்போர்ட் வந்ததும் என்டி அளவு சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரத்தத்தை மட்டும் வைத்துப் போட்ட எண்ணைப் பார்த்துப் பதறுகிறவர்கள் நிறைய. 250-ல் ஒன்று என்றால், அதே எண் வந்த 250 பேரில் 249 பேருக்கு அந்தக் கோளாறு இல்லை என்று அர்த்தம்.

அடுத்தது என்ஐபிடி. தாயின் ரத்தத்தில் மிதக்கும், நஞ்சுக்கொடியிலிருந்து வருகிற டிஎன்ஏவை எண்ணிப் பார்ப்பது. 10 வாரத்திலிருந்தே எடுக்கலாம். டவுன் சிண்ட்ரோமை நூற்றுக்கு 99 அளவில் பிடித்துவிடும். நல்ல பரிசோதனைதான், மறுக்கவில்லை. ஆனால் 25 வயதுப் பெண்கள் 10,000 பேரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வயதில் 12-வது வாரத்தில் ஆயிரத்தில் ஒரு கருவுக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும், ஆக பத்துப் பேர். என்டியும் டபுள் மார்க்கரும் சேர்ந்தால் சுமார் 500 பேரை 'ஹை ரிஸ்க்' என்று காட்டும், அந்தப் பத்தில் ஒன்பது அதற்குள் இருக்கும். என்ஐபிடி தப்பாகப் பிடிப்பது ஆயிரத்தில் ஒன்று என்றே வைத்துக்கொண்டாலும், பத்துப் பேர் உண்மை, பத்துப் பேர் பொய். பாதிக்குப் பாதி! 40 வயதில் 70-ல் ஒரு கருவுக்கு இருக்கும் என்பதால், பாசிட்டிவ் வந்த பத்தில் ஒன்பது உண்மையாகிவிடும். அதனால் என்ஐபிடி பாசிட்டிவ் என்ற ஒரே தாளை வைத்துக்கொண்டு கலைக்கிற முடிவுக்குப் போகவே கூடாது.

என்ஐபிடிக்கு ரத்தம் எடுக்கத் தனிக் குழாய் உண்டு, சுமார் 10 மில்லி ரத்தம். டபுள் மார்க்கருக்கு இது நேர்மாறு, ஐஸில் வைத்தால் கெட்டுவிடும். உடல் எடை அதிகமான பெண்களுக்கு குழந்தைப் பங்கு டிஎன்ஏ நூற்றுக்கு 4-க்குக் கீழே போய் 'ரிசல்ட் இல்லை' என்று வரலாம். 35 வயது தாண்டியவர்கள், டபுள் மார்க்கரில் 250-ல் ஒன்றுக்கும் 1000-ல் ஒன்றுக்கும் இடையே எண் வந்தவர்கள், இரட்டைக் கரு உள்ளவர்கள் கையில் பணம் இருந்தால் இதை எடுக்கலாம். என்ஐபிடி எடுத்தாச்சு, என்டி ஸ்கேன் எதற்கு என்று மட்டும் கேட்காதீர்கள். மண்டை ஓடு வளராத கரு, வயிற்றுச் சுவர் மூடாத கரு, இரட்டைக்கு நஞ்சு ஒன்றா இரண்டா என்பதெல்லாம் ஸ்கேனில்தான் தெரியும். கர்ப்பப்பை ரத்த ஓட்டத்தையும் பாப்-ஏ அளவையும் ரத்த அழுத்தத்தையும் சேர்த்துப் பார்த்து, பின்னால் பிரஷர் ஏறக்கூடிய தாயை இப்போதே கண்டுபிடிக்கலாம். 16 வாரத்துக்குள் டாக்டர் சொல்லி ஆஸ்பிரின் தொடங்குவது அதனால்தான்.

இந்தக் காலம் தவறிவிட்டால் 15 வாரத்துக்கு மேல் குவாட்ருப்பிள் என்ற ரத்தப் பரிசோதனை உண்டு. நூற்றுக்கு 80 அளவில் பிடிக்கும். டபுள் மார்க்கர் எடுத்தவர்கள் அதையும் தனியாக எடுத்தால் பொய் எச்சரிக்கைதான் கூடும்.

கோளாறு உண்டா என்று உறுதி செய்வது ஊசிப் பரிசோதனைதான். 11 முதல் 13 வாரத்தில் நஞ்சுத் திசு, 16-க்கு மேல் பனிக்குட நீர். கரு கலையும் அபாயம் இருநூறில் ஒன்று, அல்லது அதற்கும் குறைவு. ரத்த வகை ஆர்எச் நெகட்டிவ் என்றால் அந்தத் தாய்க்கு ஆன்டி-டி ஊசி போட மறக்கக் கூடாது. முழு ரிப்போர்ட் வர இரண்டு மூன்று வாரம். கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு, கலைப்பதற்கு 20 வாரம் வரை ஒரு டாக்டர் கருத்து போதும், 24 வரை இரண்டு டாக்டர் வேண்டும், அதற்கு மேல் கடுமையான கோளாறு என்றால் மருத்துவ வாரியம். 19-வது வாரத்தில் முதல் பரிசோதனையைத் தொடங்குகிறவர்களுக்கு யோசிக்கவே நாள் இருக்காது. பிறக்கட்டும், வளர்த்துக்கொள்கிறோம் என்று முடிவெடுத்து எதையுமே எடுக்காமல் இருப்பதும் அந்தத் தம்பதியின் உரிமை, அதில் மாமியாரோ டாக்டரோ வற்புறுத்த இடமில்லை.

தாய்மாமனையும் அத்தை மகனையும் கட்டியவர்கள் நம்ம பக்கம் அதிகம் என்பதால் இன்னொன்று. 'என்ஐபிடி நெகட்டிவ், சொந்தத்தில் கட்டினதுக்குப் பயமில்லை' என்று சொல்வது முழுத் தப்பு. உறவில் கட்டுவதால் கூடுவது தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய், பிறவிக் காது கேளாமை, வளர்சிதைக் கோளாறுகள். இவற்றை டபுள் மார்க்கரும் காட்டாது, சாதாரண என்ஐபிடியும் காட்டாது. தலசீமியாவுக்கு கணவன் மனைவி இருவரும் ரத்தத்தில் எச்பிஎல்சி (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் பரிசோதனை) பார்க்க வேண்டும், முடிந்தால் கருத்தரிக்கும் முன்பே. முன்பு ஒரு பிள்ளை காரணம் தெரியாமல் நோயாகி இருந்தாலோ இறந்திருந்தாலோ, அந்தப் பிள்ளையின் ரத்தத்தில் மரபணுக் காரணத்தைக் கண்டுபிடித்து வைத்திருங்கள். அந்த ரிப்போர்ட் கையில் இருந்தால்தான் அடுத்த கர்ப்பத்தின் 11-வது வாரத்தில் நஞ்சுத் திசுவில் எதைத் தேடுவது என்று லேபுக்குத் தெரியும்.