பரிசைக் கீழேயே கொடுத்திருக்கலாமே

ஆசிரியப் பணிக்கு வந்த புதிதில், டிசம்பர் 3 விழாவுக்குப் பெயர்ப் பட்டியல் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. சர்வதேச மாற்றுத்திறனாளிகள் நாள். வகுப்பு வகுப்பாகப் போய்க் கேட்டு எழுதினேன். என் வகுப்பிலிருந்தும் ஒரு பெயர் இருந்தது. சக்கர நாற்காலியில் வரும் 12 வயதுப் பையன். நிலப்படம் வரைவதில் அவனுக்கு நிகராக வகுப்பில் யாரும் கிடையாது. அவன் நீல மையால் ஒரு நதியை இழுத்து முடிக்கும்வரை பக்கத்து இருக்கைக்காரர்கள் தங்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

விழா மேடைக்கு ஆறு படிகள். சாய்தளம் இல்லை. பெயரை வாசித்ததும் நான்கு பேர் வந்து அவனை நாற்காலியோடு தூக்கி மேலே வைத்தார்கள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. தூக்கும்போது நாற்காலி ஒரு பக்கமாகச் சாய, அவன் இரண்டு பிடிகளையும் இறுகப் பற்றிக்கொண்டான். பரிசு கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள், மறுபடி தூக்கி இறக்கினார்கள். மறுநாள் இடைவேளையில் என்னிடம் வந்து கேட்டான்: “டீச்சர், பரிசைக் கீழேயே கொடுத்திருக்கலாமே?”

கோபித்துக்கொண்டு கேட்கவில்லை. பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அவன் பெயரை அந்தப் பட்டியலில் எழுதியது நான். எழுதுவதற்கு முன் அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. அதுவரை ‘நிலப்படம் வரைகிறவன்’ என்று அறியப்பட்டவன், அன்றிலிருந்து பள்ளி முழுவதற்கும் ‘மேடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்களே, அந்தப் பையன்’ ஆகிவிட்டான்.

விழிப்புணர்வு நாட்களைப் பள்ளிகளில் கொண்டாடலாமா கூடாதா என்ற பேச்சு வரும்போதெல்லாம் அந்த ஆறு படிகள்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன. கொண்டாட வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் அந்த நாள் ஒரு குழந்தையை மற்றவர்களுக்குக் காட்டுவதற்காக வரக் கூடாது. பள்ளி தன்னைத்தானே பார்த்துக்கொள்வதற்கும், எல்லாக் குழந்தைகளும் ஏதாவது ஒன்றை உருப்படியாகக் கற்பதற்கும் வர வேண்டும். இரக்கத்தை ஊட்ட ஒரு நாள் தேவையில்லை, அது ஏற்கெனவே அளவுக்கு மீறிக் கொட்டிக் கிடக்கிறது. குறைவாக இருப்பது அறிவுதான்.

டிசம்பர் 3ஐ ஐ.நா. பொதுச் சபை 1992இல் அறிவித்தது. 2006இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கை வந்தது. அதன் எட்டாவது பிரிவு, சிறு வயதிலிருந்தே எல்லாக் குழந்தைகளிடமும் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் மீது மதிப்பை வளர்க்கும்படி கல்வி அமைப்பைக் கேட்கிறது. அங்கே பேசப்படுவது உரிமை. பரிதாபம் என்ற சொல்லுக்கு அதில் இடமில்லை. அதே உடன்படிக்கையின் முகவுரை இன்னொன்றும் சொல்கிறது: ஒருவரின் உடல் அல்லது மனக் குறைபாடும், சுற்றியுள்ள மனப்பான்மைகளும் சூழலும் போடும் தடைகளும் மோதுகிற இடத்தில்தான் இயலாமை உண்டாகிறது. இந்த வரியை அன்றைய மேடையோடு சேர்த்து வாசித்துப் பார்க்கிறேன். அவனுடைய கால்கள் காலையிலிருந்து அப்படியேதான் இருந்தன. வகுப்பில் அவனால் இயலாதது என்று எதுவும் அன்று நடக்கவில்லை. அந்த ஆறு படிகளுக்கு முன்னால் வந்த பிறகுதான் அவன் இயலாதவன் ஆனான். படிகளை நாங்கள் கட்டி வைத்துவிட்டு, அவனைத் தூக்கியதற்காக எங்களுக்கு நாங்களே கைதட்டிக்கொண்டோம்.

அடுத்து, கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கும் பயிற்சி. பல பள்ளிகளில் இதுதான் அன்றைய முக்கிய நிகழ்ச்சி. ஐந்து நிமிடம் கண்ணைக் கட்டிக்கொண்டு வராந்தாவில் நடந்தால் பார்வையற்றோரின் வாழ்க்கை புரிந்துவிடும் என்று நல்லெண்ணத்தோடுதான் செய்கிறோம், நானும் செய்திருக்கிறேன். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் குழந்தை எதைக் கற்கிறது? பயத்தை. தடுமாற்றத்தை. பார்வையில்லாமல் பல ஆண்டுகள் வாழ்ந்தவருக்கு வெள்ளைக் கைத்தடியின் நுனி பேசும், எதிரொலியில் சுவர் எங்கே என்று தெரியும், படிகளின் எண்ணிக்கை காலுக்கு மனப்பாடமாக இருக்கும். இந்தத் திறமைகளில் ஒன்றுகூட கண்ணைக் கட்டிக்கொண்ட குழந்தைக்குக் கிடைப்பதில்லை. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதையே கண்டது. கண்ணைக் கட்டி நடந்து பார்த்தவர்கள், பார்வையற்றோரால் வேலை செய்யவும் தனித்து வாழவும் முடியும் என்பதை முன்னைவிடக் குறைவாகவே நம்பினார்கள். மதிப்பை வளர்க்கச் செய்த பயிற்சி மதிப்பைக் குறைத்துவிடுகிறது. தயவுசெய்து இதை நிறுத்துங்கள் என்று என் சக ஆசிரியர்களிடம் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

அதற்குப் பதில் ஜனவரி 4ஐக் கையில் எடுங்கள். உலக பிரெயில் நாள். பார்வையற்றோர் விரலால் தடவி வாசிக்கும் புள்ளி எழுத்துதான் பிரெயில். அதை உருவாக்கிய லூயி பிரெயில் 1809இல் பிறந்த தேதி அது, ஐ.நா. 2019 முதல் கடைப்பிடிக்கிறது. இதை நான் கணக்கு வகுப்பில் தொடங்குகிறேன். ஆறு புள்ளிகள். ஒவ்வொன்றும் மேடாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எத்தனை வடிவங்கள் கிடைக்கும்? குழந்தைகள் முதலில் 12 என்பார்கள், பிறகு 36 என்பார்கள், கடைசியில் இரண்டை ஆறு முறை பெருக்கி 64க்கு வந்து சேர்வார்கள். புள்ளியே இல்லாத வெற்றிடத்தைக் கழித்தால் 63. அந்த 63ஐ வைத்துக்கொண்டு உலக மொழிகள், கணக்குக் குறிகள், இசைக் குறிப்புகள் அத்தனையும் எழுதுகிறார்கள் என்று சொல்லும்போது வகுப்பின் முகம் மாறும். அந்த முகத்தில் பரிதாபம் துளியும் இருக்காது, வியப்பு மட்டும்தான்.

பிறகு மொழி வகுப்பு. ‘கெ’ என்று அச்சில் எழுதும்போது ஒற்றைக் கொம்பை முன்னால் போட்டுவிட்டுப் பிறகு ‘க’ எழுதுகிறோம். வாயில் முதலில் வரும் ஒலி ககரம், கண்ணில் முதலில் படுவது கொம்பு. தமிழ் பிரெயிலில் இந்தக் குழப்பம் கிடையாது. முதலில் மெய்யொலிக்கான எழுத்து, அடுத்து உயிர், சொல்கிற வரிசையிலேயே விரல் வாசிக்கும். ஒரு முறை இதைச் சொன்னபோது, ஒற்றைக் கொம்பில் எப்போதும் தடுமாறும் ஒரு சிறுமி, “அப்படியென்றால் பிரெயில்தான் சரியாக எழுதுகிறது” என்றாள். அவளுக்குப் பார்வையில் எந்தக் குறையும் இல்லை. அவள் பிரெயிலைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள். நான் வேண்டியது அந்தப் பொறாமையைத்தான்.

வரலாற்று வகுப்புக்கும் அதில் இடமுண்டு. லூயி பிரெயில் படித்த பாரிஸ் பள்ளியில் பார்வையற்ற மாணவர்கள் அப்போது படித்தது, சாதாரண அச்செழுத்தையே பெரிதாகப் புடைக்கச் செய்த புத்தகங்களை. பார்வையுள்ள ஆசிரியர்களுக்கு அது வசதி, விரலுக்குக் கொடுமை. சார்ல் பார்பியே என்பவர் 12 புள்ளிகள் கொண்ட ஒரு முறையைக் கொண்டுவந்தார். ஒரு விரல் நுனிக்குள் 12 புள்ளிகள் அடங்காது என்பதைக் கண்டு, அதை ஆறாகச் சுருக்கியவன் 15 வயது மாணவன் பிரெயில். பிரெயில் 1852இல் இறந்தார். அந்தப் பள்ளி அவருடைய முறையை அதிகாரபூர்வமாக ஏற்றது 1854இல். ஒரு முறை யாருக்குப் பயன்பட வேண்டுமோ அவர்களுடைய விரலைக் கேட்காமல், பார்க்கிறவர்களுடைய வசதியைக் கேட்டு முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் பாடம் எனக்குத் தெரியாது.

செப்டம்பர் 23, சர்வதேச சைகை மொழிகள் நாள். உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பு 1951இல் தொடங்கிய தேதி, 2018 முதல் ஐ.நா. நாளாக இருக்கிறது. பெயரில் உள்ள பன்மையைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். உலகம் முழுவதற்கும் ஒரே சைகை மொழிதான் என்று பெரியவர்களே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட சைகை மொழிகள் இருக்கின்றன என்கிறது அந்தக் கூட்டமைப்பு. அவற்றுக்குத் தனித்தனி இலக்கணம் உண்டு, பல சைகை மொழிகளில் புருவத்தின் அசைவே வினாவைக் காட்டிவிடும். ஒரு பாட்டை ஒலிபெருக்கியில் போட்டு, அதற்குக் கையசைத்து ஆடுவதைச் சைகை மொழி நிகழ்ச்சி என்று நடத்துவதைப் பார்க்கும்போது மனம் கசக்கிறது. ஒரு மொழியை நடனமாக்கிவிடுகிறோம். 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சு வழியாக மட்டுமே கற்பிக்க வேண்டும், சைகை வேண்டாம் என்று தீர்மானித்தது. வாக்களித்தவர்களில் ஏறத்தாழ எல்லாரும் காது கேட்பவர்கள். அதன் விளைவைப் பல தலைமுறைகள் வகுப்பறைகளில் சுமந்தன. அந்தத் தீர்மானத்தை நிராகரித்து வருத்தம் தெரிவிக்க 2010 வான்கூவர் மாநாடு வரை, 130 ஆண்டுகள் ஆயிற்று. மொழி உரிமை பற்றிய பாடத்துக்கு இது போதும். கற்பிக்கக் காது கேளாத ஆசிரியர் ஒருவரையே அழையுங்கள், அவருடைய நேரத்துக்கு ஊதியம் கொடுங்கள்.

மற்ற நாட்களைப் பற்றிச் சுருக்கமாக. மார்ச் 21 டவுன் சிண்ட்ரோம் நாள். 21ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருப்பதால் மூன்றாம் மாதத்தின் 21ஆம் தேதி. ஒன்றுக்கொன்று சேராத காலுறைகளை அன்று அணிகிறார்கள். உயிரியல் பாடத்துக்கு நல்ல வாசல், ஆனால் காலுறையோடு நின்றுவிட்டால் வீண். அக்டோபர் 22 திக்கிப் பேசுவோருக்கான நாள். அன்று ஒரே ஒரு பழக்கத்தைக் கற்றாலே போதும்: எதிரில் இருப்பவர் தன் வாக்கியத்தைத் தானே முடிக்கும்வரை காத்திருப்பது. ஆசிரியர்களுக்குத்தான் இது குழந்தைகளைவிடக் கடினம். ஏப்ரல் 2 ஆட்டிசம் நாளில் நீல பலூன்களும் மேளமும் ஒலிபெருக்கியும் வைக்கிறோம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலருக்கு அந்தச் சத்தம் தாங்க முடியாத வலி. யாருக்காக நடத்துகிறோமோ அந்தக் குழந்தை காதைப் பொத்திக்கொண்டு கழிவறையில் நிற்கிறது. அன்று மணி அடிப்பதையாவது மெதுவாக்கலாமே. ஓர் அமைதியான மூலையை ஏற்படுத்தி, மறுநாளும் அதை அப்படியே விட்டுவைக்கலாமே.

சுவரில் ஒட்டும் சாதனையாளர் படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹெலன் கெல்லர் தண்ணீரைத் தொட்டுச் சொல்லைக் கற்ற கதையை எல்லாக் குழந்தைகளும் அறிவார்கள். அவர் 1909இல் சோசலிஸ்ட் கட்சியில் சேர்ந்தவர், பெண்களின் வாக்குரிமைக்கும் தொழிலாளர்களுக்கும் குரல் கொடுத்தவர் என்பதை யாரும் சொல்வதில்லை. கருத்துள்ள ஒரு பெண்ணை நன்றியுள்ள குழந்தையாகவே நிறுத்தி வைத்திருக்கிறோம். தவிர, மேதையாக இருந்தால்தான் மதிப்பு என்ற செய்தியும் அந்தப் படங்களோடு சேர்ந்து போய்விடுகிறது. சராசரி மதிப்பெண் வாங்கும், சில நாள் சோம்பலாக இருக்கும், சண்டை போடும் மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கும் வகுப்பில் மற்றவர்களுக்கு உள்ள அதே இடம் இருக்கிறது.

பாடத்திட்டம் கழுத்தை நெரிக்கிறது, நேரம் எங்கே என்று கேட்கும் ஆசிரியர்களின் அலுப்பு எனக்குப் புரிகிறது. நாட்காட்டியில் உள்ள எல்லா நாட்களையும் கடைப்பிடித்தால் பள்ளி நடக்காது. ஆண்டுக்கு இரண்டு நாட்களைத் தேர்ந்தெடுங்கள். அவற்றைக் காலைக் கூட்டத்திலிருந்து எடுத்து, ஏற்கெனவே நடத்த வேண்டிய பாடத்துக்குள் வையுங்கள். அடுக்குப் பெருக்கல் எப்படியும் நடத்தத்தான் வேண்டும், அதைப் பிரெயிலோடு நடத்தினால் கூடுதல் நேரம் எதுவும் ஆகாது. தேதி செய்யும் பெரிய உதவி, ஆசிரியருக்கு அது தரும் துணிவு. சாதாரண நாளில் “சாய்தளம் ஏன் இல்லை?” என்று கேட்டால் குறை சொல்வதாக எடுத்துக்கொள்வார்கள். டிசம்பர் 3 அன்று அதே கேள்வி நிகழ்ச்சி நிரலில் இடம் பெறும்.

ஒரு நிபந்தனையை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். குழந்தையின் சம்மதம். அதன் உடல்நிலை பற்றிய விவரம் குழந்தைக்கும் குடும்பத்துக்கும் சொந்தமானது. வெளியே தெரியாத குறைபாட்டோடு அதே கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளும் உண்டு. மேடையில் நிற்பவனுக்கு நேர்வதைப் பார்த்து, தன்னுடையதை இன்னும் ஆழமாக மறைத்துக்கொள்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்குப் பிறகு டிசம்பர் மாதப் பொறுப்பு மறுபடி என்னிடம் வந்தது. பட்டியல் எழுதவில்லை. குழந்தைகளிடம் அளவு நாடாக்களைக் கொடுத்துப் பள்ளியை அளக்கச் சொன்னேன். கதவுகளின் அகலம், தண்ணீர்க் குழாயின் உயரம், கழிவறைக்குள் சக்கர நாற்காலி திரும்ப இடம் இருக்கிறதா என்பது. ஒரு குழு மேடையை அளந்தது. ஆறு படிகள், படிக்கு 15 சென்டிமீட்டர், மொத்தம் 90. பல நாடுகளின் கட்டட விதிகளில் சாய்தளத்துக்குச் சொல்லப்படும் சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. 90ஐப் பன்னிரண்டால் பெருக்கினார்கள். 10 மீட்டர் 80 சென்டிமீட்டர், நடுவில் இளைப்பாற ஒரு சமதளம் வேறு. அவ்வளவு நீளத்துக்கு மேடைக்குப் பக்கத்தில் இடம் இல்லை, திருப்பம் வைத்துத்தான் கட்ட வேண்டும் என்று வரைந்து காட்டினார்கள். நிர்வாகத்திடம் கொடுத்தோம். செலவு அதிகம், பார்க்கலாம் என்றார்கள்.

அந்தக் குழுவில் இருந்த ஒரு பெண், “அதுவரைக்கும் எல்லாருக்கும் பரிசைக் கீழேயே கொடுத்தால் என்ன?” என்று கேட்டாள். என்னிடம் முன்பு அதைக் கேட்டவன் அதற்குள் பள்ளிப் படிப்பை முடித்துப் போயிருந்தான். அவனைப் பற்றி நான் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. அந்த ஆண்டிலிருந்து பரிசுகளைக் கீழேதான் கொடுக்கிறோம்.