லாரி மேலிருந்து விழுந்தால் முதலில் கேட்கும் கேள்வி

"தண்ணி போட்டிருந்தானா?" லோடு லாரியின் மேலிருந்து ஒருவர் விழுந்தார் என்றால் நம்மூரில் முதலில் எழுவது இதுதான். ஓடுகிற வண்டி விபத்துக்குள்ளானால் ரோட்டைப் பார்க்கிறோம், பிரேக்கைப் பார்க்கிறோம். நிற்கிற வண்டியிலிருந்து விழுந்தால் மட்டும் விழுந்தவர் வாயை மோந்து பார்க்கிறோம்.

நாமக்கல், சங்ககிரி பக்கம் போனால் தார்ப்பாய் கட்டுவதைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். லோடு ஏற்றிய லாரியின் உச்சி 12, 13 அடி இருக்கும். ஏணி இருந்தாலும் பாடியோடு முடிந்துவிடும். அதற்குமேல் கயிற்றையும் மூட்டையின் காதையும் பிடித்துத்தான் ஏறணும். மேலே மூட்டை அமுங்கும். பனி இறங்கினால் தார்ப்பாய் வழுக்கும். ஓரத்தில் நின்று, உடம்பு எடை மொத்தத்தையும் போட்டுக் கயிற்றை இழுக்கும்போது அது அறுந்தாலோ முடிச்சு நழுவினாலோ ஆள் மல்லாக்கத்தான் விழுவார். அடிபடுவது பின்மண்டையும் முதுகெலும்பும். கிளீனர் இல்லாத வண்டிகள் பெருகிவிட்டதால், ராத்திரியெல்லாம் ஓட்டிவந்த டிரைவரே மேலே ஏறுகிறார்.

கேபினிலிருந்தும் ஜேசிபியிலிருந்தும் குதிப்பதைப் பழக்கத்தால் மாற்றலாம்: வண்டியைப் பார்த்தபடி, இரண்டு கை ஒரு கால் அல்லது இரண்டு கால் ஒரு கை எப்போதும் பிடிமானத்தில் இருக்க இறங்கணும். தார்ப்பாய் வேலை அப்படியல்ல. "சேஃப்டி பெல்ட் கொடுத்திருக்கோமே" என்பார்கள். கொக்கியை எதில் மாட்டுவது? பெரிய ஆலைகள் சிலவற்றில் லாரிக்கு இருபுறமும் கைப்பிடி வைத்த மேடை உண்டு. வழி தெரியாமல் இல்லை. மேடை கட்ட வேண்டியவர் குடோன்காரர். விழுகிறவரோ லாரிக்காரரின் ஆள், அல்லது யாருக்குமே ஆள் இல்லாத லோடுமேன். பிறகு எப்படி மேடை வரும்?

2025 அக்டோபர் முதல் தயாராகும் கனரக லாரிகளுக்குக் கேபினில் ஏசி கட்டாயம். நல்ல விஷயம்தான். அந்த அக்கறை கேபினுக்குப் பின்னாலும் கொஞ்சம் நகர்ந்தால் தேவலை.

அந்தத் 'தண்ணி' கேள்விக்கு வருகிறேன். வேலையின்போது நடந்த விபத்தில் ஒருவர் இறந்தாலோ நிரந்தரமாக முழுவதும் முடங்கினாலோ, குடித்திருந்தார் என்று சொல்லி முதலாளி இழப்பீட்டைத் தட்டிக்கழிக்க முடியாது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் அப்படித்தான் சொன்னது. 2020-இல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அப்படியே வைத்திருக்கிறது. இது தெரியாமல்தான் பல குடும்பங்கள் கையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுகின்றன. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறவர்கள் ஏ.ஆர். காப்பியில் (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல்) வெறுமனே 'தவறி விழுந்தார்' என்று எழுத விடாதீர்கள். எந்த இடத்தில், எந்த லாரியில், என்ன வேலை செய்யும்போது விழுந்தார் என்று சொல்லிப் பதியவையுங்கள்.